மேன்முறையீடு இல்லாத மஞ்சள் அட்டை

கேள்வி: கிரேக்கத்தின் கரகூனிஸ் 139 சர்வதேச உதைபந்தாட்டங்கள் ஆடினாராமே! தமிழரில் அப்படியொரு மத்தியகள வீரர் வருவாரா?
– வாசகர் ஒருவர், புதுக்கடை

பதில்: நீதிமன்றங்களுக்கு நடுவிலிருந்து கேட்கிறீர்கள், முதலில் அவருடைய வழக்கைக் கேளுங்கள். 2004 ஐரோப்பியக் கிண்ணத்தின் முதலாவது ஆட்டத்தில், 7ஆவது நிமிடத்திலேயே போர்த்துக்கல்லுக்கு எதிராகக் கோல் அடித்தவர் ஜியோர்கோஸ் கரகூனிஸ். அதே போர்த்துக்கல்லுடன் இறுதியாட்டம் வந்தபோது, மனுசனுக்கு மஞ்சள் அட்டையால் தடை! கிண்ணத்தை மற்றவர்கள் வென்று கொடுத்தார்கள்.

2012 ஐரோப்பியக் கிண்ணத்தில் ரஷ்யாவை வீழ்த்திய ஒரே கோலும் இவருடையதுதான். அதே ஆட்டத்தில் பிறகு பெனால்டிப் பெட்டிக்குள் விழுந்தார். நடுவரோ, ‘இது நடிப்பு’ என்று மஞ்சள் அட்டையை நீட்டினார். அன்று அவர் வாதாடிய வேகத்துக்கு ஜனாதிபதி சட்டத்தரணி பட்டமே கொடுத்திருக்கலாம். தீர்ப்பு மாறவில்லை, தடையால் ஜெர்மனியுடனான காலிறுதியில் ஆடும் வாய்ப்பும் போயிற்று.

தமிழரில் விமல் யோகநாதன் இருக்கிறார். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்து, லிவர்பூல் அகடமியில் பயின்று, 2024இல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழக முதலணிக்கு ஆடிய மத்தியகள வீரர். 139 வெகு தூரந்தான். ஆனாலும் உங்களூரில் ஒரு காணி வழக்கு முடிவதற்குள் எட்டிவிடுவார்!