வாயு மூலை

சித்தூர், திருப்பதிப் பக்கம் வீடு கட்டுகிறவர் செப்டிக் டேங்குக்கு இடம் பார்ப்பதுபோல் பூஜையறைக்குக்கூடப் பார்க்கமாட்டார். ஈசானியம் ஆகவே ஆகாது, வாயு மூலைதான். வாஸ்து திருப்தியானதும் மூடிமேல் டைல்ஸ் ஒட்டிக் காரை நிறுத்திவிடுவார். பிறகு மூடி எங்கே என்று பேரன் தேட வேண்டியதுதான். 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்கச் சொல்கிறது மத்திய அரசின் வழிகாட்டி. நம்மவருக்கோ, கழிவறை எதிர்த்துப் பொங்கும் நாளே சுபமுகூர்த்தம். கசடு உறிஞ்சும் லாரியின் குழாய் எட்டாவிட்டால் "ஆளை இறக்குங்க" என்பார். பாதுகாப்புக் கருவியின்றி இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். 2018 பிப்ரவரியில் பலமநேர் அருகே, ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணையின் கழிவுத் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி 7 பேர் மாண்டார்கள். டைல்ஸைப் பெயர்த்து மூடியை வெளியே எடுங்கள், ஐயா. பொங்கும்வரை காத்திராமல் லாரியைக் கூப்பிடுங்கள்.