தொடாதே, ஒற்றிக்கொள்

நெருப்பைப் பற்றிக் குழந்தைக்கு நாம் சொல்லித்தரும் முதல் பாடம், "தொடாதே, சுடும்". இரண்டாம் பாடம் அன்றைக்குச் சாயங்காலமே பூஜையறையில் நடக்கும். கற்பூரத் தட்டை முகத்துக்கு நேரே நீட்டி, "கையை வெச்சுக் கண்ணுல ஒத்திக்கோ" என்போம். காலையில் அடுப்புப் பக்கம் போனதற்கு அடி வாங்கிய பிள்ளை, மாலையில் எரியும் கற்பூரத்தின் பக்கம் வராததற்குத் திட்டு வாங்கும். இந்த இரண்டு பாடங்களுக்கும் நடுவில் தீப்பாதுகாப்பு என்ற மூன்றாவதை எந்தச் சந்தில் நுழைப்பது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போகிக்குப் பழைய பாயைக் கொளுத்துகிறோம். மறுநாள் பொங்கல். பால் பொங்கி வழிந்து அடுப்புச் சுடர் அணைந்தால் அதற்குப் பெயர் விபத்து, காஸ் கசியும் என்று சிலிண்டரோடு தரும் காகிதத்தில் போட்டிருக்கிறது. நாமோ சுற்றி நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கத்துகிறோம். கார்த்திகைக்கு மாடிப்படி முழுக்க, அதாவது தீ பிடித்தால் ஓடவேண்டிய ஒரே வழி முழுக்க, அகல் வைக்கிறோம். தீபாவளிக்கு ஐந்து வயதுப் பிள்ளை கையில் கம்பி மத்தாப்பைக் கொடுத்து, "ஆம்பளைப் பையன்தானே, பயப்படாமப் பிடி" என்கிறோம். அந்த நுனியின் சூடு சுமார் 1000 டிகிரி செல்சியஸ், வெள்ளியே உருகிவிடும். அதே பிள்ளைக்குப் பாலை மட்டும் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, நம் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம்.

எங்கள் வீட்டில் இந்த ஒழுங்கெல்லாம் பேத்தி மூன்றாம் வகுப்புப் போகும்வரை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அந்த ஏப்ரலில் அவள் பள்ளிக்குத் தீயணைப்புத் துறையினர் வண்டியோடு வந்து ஒத்திகை நடத்தினார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு சேவை வாரம். 1944இல் அதே 14ஆம் தேதி பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம். பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் அந்த ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்களாம். பேத்தி இதைச் சொன்னதும் என் மனைவி கேட்டாள்: "பஞ்சும் நெருப்பும் பக்கத்துல இருக்கக்கூடாதுன்னு வெள்ளைக்காரனுக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்காது. அந்தப் பழமொழியை நாம் பெண் பிள்ளைகளைச் சினிமாவுக்கு அனுப்பாமல் இருக்க மட்டுமே உபயோகித்ததால், துறைமுகம்வரை போய்ச் சேரவில்லை.

அன்று முதல் வீட்டில் அதிகாரி அவள்தான். அவளுடைய முதல் நடவடிக்கை சமையலறையில். காஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரியவேண்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சரக்கைக் கலக்கிறார்கள், காஸ் காற்றைவிடக் கனம், அதனால் தரையோடு தரையாகத் தங்கும் என்று கற்றுக்கொண்டு வந்திருந்தாள். ஆகவே அடுப்படித் தரையில் குப்புறப் படுத்து மோந்து பார்ப்பது தினசரிக் கடமையாயிற்று. பிரச்சினை என்னவென்றால், பெருங்காயத்திலும் கந்தகம்தான் மணக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் பாட்டி ரசத்துக்குப் பெருங்காயக் கட்டியை வறுக்க, "காஸ் லீக்! யாரும் சுவிட்சைத் தொடாதீங்க!" என்று கூவல். சட்டம் கண்டிப்பானது: போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அடுப்பை மூடி, ரெகுலேட்டரைத் திருப்பி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வாசலுக்கு விரட்டிவிட்டாள். இருட்டிக்கொண்டு வந்தது. லைட் போட அனுமதி இல்லை. 1906க்குப் போன் பண்ணுகிறேன் என்று என் கைப்பேசியையும் பிடுங்கிக்கொண்டாள். காஸ் கசிவுக்கான அவசர எண் அதுதான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நல்லவேளை, பாட்டி கரண்டியோடு வெளியே வந்து, "மோந்து பாருடி, எது காஸ், எது காயம்னு" என்று மூக்குக்கு நேரே நீட்டினாள். விசாரணை முடிவதற்குள் ரசம் ஆறிவிட்டது.

சின்னவன் யு.கே.ஜி. அவனுக்கு அக்கா சொல்லிக்கொடுத்தது: உடையில் தீப்பிடித்தால் ஓடாதே; நில், படு, உருள். ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும் என்பதைவிட, ஹாலில் உருளலாம், யாரும் திட்டமாட்டார்கள் என்பது அவன் மனதில் நன்றாகப் பதிந்தது. வீட்டுப்பாடம் எழுதச் சொன்னால் நிற்பான், படுப்பான், உருள்வான். பாகற்காய் வைத்தால் உருள்வான். ஒருமுறை விருந்தாளி வந்து, "கண்ணா, மாமாவுக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு" என்றதும் சோபாவுக்கு அடியில் போய் நின்றான்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, தீயணைப்பு நிலையமாக நடிப்பது. பொம்மை போனில் 101 அடிப்பார்கள்; நான் எடுக்கவேண்டும். பதறாமல் பெயர், முகவரி, எது எரிகிறது என்று சொல்லவேண்டும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இது சுலபம். சென்னைப் பிள்ளைக்கு? எங்கள் கட்டடத்துக்குப் பழைய எண் 14, புதிய எண் 31. எதிர்வரிசையில் புதிய எண் 14 இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் பழைய எண் 9. பேட்டையில் இரண்டாவது குறுக்குத் தெருக்கள் மூன்று. பேத்தி இதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவாள். கேட்டு முடிப்பதற்குள் ஒரு மாடி எரிந்துவிடும். சின்னவன் வேறு ரகம்.

"ஹலோ, தீயணைப்பு நிலையம்."

"நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?"

"சாப்டேன். எங்க தீ?"

"எங்க வீட்ல."

"உங்க வீடு எங்க இருக்கு?"

"பிள்ளையார் கோயில் பக்கத்துல."

"எந்தப் பிள்ளையார் கோயில்?"

"எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கே, அது."

"சரி, எது எரியுது?"

"தோசை."

பெரியவர்கள் கேலி செய்தார்கள். ஆனால் கூரியர்காரனுக்கு என் மகன் சொல்லும் வழி இதைவிடத் தெளிவாக இருந்து நான் கேட்டதில்லை.

தீக்காய வைத்தியம்தான் உண்மையான போர்க்களம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டவேண்டும், வேறு எதையும் பூசக்கூடாது என்பது பேத்தியின் கட்சி. தண்ணீர் பட்டால் கொப்புளம் வரும் என்பது பாட்டியின் கட்சி. அந்தக் கட்சிக்கு இட்லி மாவு, தேன், மஞ்சள், பேனா மை, பற்பசை எனப் பல அணிகள். கீழ்வீட்டுக்காரர் பற்பசையிலும் உப்பு போட்டதுதான் நல்லது என்று தனி அணி வைத்திருக்கிறார். மருமகள் டாக்டரிடமே கேட்டாள். "பேத்தி சொல்றதுதான் சரி. மாவை இட்லிக்கு வைங்க" என்று அவர் தீர்ப்புச் சொன்ன பிறகும் சட்டம் அமலாவதில் ஒரு சிக்கல். சித்திரை வெயிலில் எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியம் இரண்டு மணிக்குக் குழாயில் எப்படி வருமென்று அறிந்தவர்கள் அதைத் தீக்காயத்துக்கு மருந்து என்று சொல்லமாட்டார்கள், காரணம் என்பார்கள். ஆகவே கோடைக்கு மட்டும் மண்பானைத் தண்ணீர் என்று சட்டத் திருத்தம் வந்தது.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதில் மட்டும் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். அடுப்பை அணைத்து, தட்டைப் போட்டு மூடிவிட்டால் தீ தானே மூச்சடைத்துப் போகும். "இதைத்தான் நான் நாப்பது வருஷமா செய்றேன், எந்த வண்டியும் வந்து சொல்லித் தரலை" என்றாள் பாட்டி. அன்றிலிருந்து அப்பளம் பொரிக்கும்போது பக்கத்தில் மூடி இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்தே பார்க்கிறார்கள். கூட்டணி ஆட்சி.

அதற்குப் பிறகு பேத்தியின் பார்வை கட்டடத்தின் மேல் விழுந்தது. தரைத்தளத்தில் சிவப்பாக ஒரு தீயணைப்பான் உண்டு. வாட்ச்மேன் அதன் கழுத்தில்தான் சட்டை மாட்டுவார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றுவோம். அவள் முள்ளைப் பார்த்தாள். பச்சையில் நிற்கவேண்டியது சிவப்பில் நின்றது. தேதிச் சீட்டைப் படிக்கலாமென்றால் அதன்மேல் சந்தனம் காய்ந்து கிடந்தது. சங்கக் கூட்டத்தில் செயலாளரைக் கேட்டாள்: "அங்கிள், இதோட ஊசியை இழுத்து, தீயோட அடியைக் குறிபார்த்து, அழுத்தி, இப்படியும் அப்படியும் ஆட்டணும். உங்களுக்குத் தெரியுமா?" அவர் தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. குழு ஒன்று அமைத்தார். குழு மூன்று விலைப்புள்ளிகள் வாங்கிற்று. இப்போது புது உருளை தொங்குகிறது. முதல் நாளே குங்குமப் பொட்டு ஏறிவிட்டது. முள்ளின் மேல் வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதை முன்னேற்றமாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். மூன்றாவது மாடி. காற்றில் அக்னி தடுமாறக்கூடாது என்று பால்கனிக் கதவைச் சாத்தி ஹோமம் வளர்த்திருந்தார்கள். ஈரச் சமித்து. பூர்ணாகுதிக்கு முன்பே எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. மாமிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புண்ணியம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பேத்தியின் குரல்: "புகை மேலதான் இருக்கும்! எல்லாரும் கீழ குனிஞ்சு தவழ்ந்து வாங்க!" அடுத்த கணம் பட்டுப்பாவாடையும் குட்டி வேட்டியுமாக ஒரு பட்டாளம் சீர்வரிசைத் தட்டுகளுக்கு நடுவே தவழ்ந்து வாசலை நோக்கிப் போயிற்று. சின்னவன் மட்டும் வழியில் ஒருமுறை உருண்டான். பெரியவர் ஒருவர், "அபசகுனம்" என்று ஆரம்பித்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு இருமினார். பிறகு, "குழந்தை சொல்றது சரிதான் ஸ்வாமி, முதல்ல அந்தக் கதவைத் திறங்கோ" என்றார்.

கதவு திறந்து, புகை போய், பூர்ணாகுதி முடிந்து நாங்கள் கீழே இறங்கினால், முதல் பந்தியில் இடமில்லை. லிஃப்டில் போகக்கூடாது என்ற விதிப்படி படியிறங்கிய பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடி இது?" என்றேன்.

"வெளிய வந்ததும் எல்லாரும் ஒரே இடத்துல கூடணும் தாத்தா. தலையை எண்ணணும்" என்றாள்.

எண்ணினேன். பதினொரு தலை, பதினொரு இலை. இலைக்கு இரண்டு ஜாங்கிரி.