வடசென்னைத் தேநீர் இடைவேளை: ஓர் இலக்கண ஆய்வு

திருவொற்றியூரில் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனவர்களில் ஏட்டில் பெயர் ஏறிய முதல் ஆள் சுந்தரமூர்த்தி நாயனார். சங்கிலி நாச்சியாரை மணந்தபோது, உன்னைப் பிரிந்து ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது, கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. சேக்கிழார் தரும் இந்தத் தகவலைப் பக்தி இலக்கியமாகவே இதுகாறும் படித்துவந்தோம். கேட் பாஸ் இல்லாமல் வெளியேறியவர்மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையாக எவரும் ஆராயவில்லை. அக்குறையைப் போக்குவதும், இன்று அதே ஊரில் காலை பத்தரை மணிக்கு டீக்கடைக்கு நழுவும் ஃபிட்டர்கள் இரு கண்ணும் நலமாகத் திரும்புவது எங்ஙனம் என விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை: தெற்கே இராயபுரம், வடக்கே எண்ணூர், கிழக்கே கடல். மேற்கே மணலிவரை போக எண்ணியிருந்தோம்; வெயில் அனுமதிக்கவில்லை.

வேலை செய்து செய்து ஆள் உள்ளுக்குள் கருகிப்போகும் நிலையை நியூயார்க் உளவியலாளர் ஃப்ராய்டன்பெர்கர் 1974 இல் எழுதி வைத்தார். 2019 இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, இது நோயன்று, வேலையிடத்தில் விளைவது என்று தெளிவுபடுத்தியது. காசிமேட்டில் இதற்கு ‘மண்ட காயுது’ என்று பெயர். மருந்து எதிர்க்கடையில் கிடைக்கிறது.

ஓய்வு இருவகைப்படும்: தன்வினை ஓய்வு, பிறவினை ஓய்வு. தானே எழுந்து போவது முன்னது. பிறர் உட்காரவைப்பது பின்னது. பின்னது ஓய்வு போலத் தோன்றும். ஓய்வாகாது என்பது எம் துணிபு.

சான்றுக்கு எண்ணூர் விரைவுச் சாலைக்கு வருக. துறைமுகத்துக்குள் நுழைய கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நெரிசல் முற்றிய காலங்களில் நாள்கணக்கில் நின்றதும் உண்டு. ஓட்டுநர் வேலையே செய்யவில்லை, உட்கார்ந்துதான் இருக்கிறார் என்று கணக்கெழுதுபவர் சொல்லலாம். ஆனால் முன்வண்டி பத்தடி நகர்ந்தால் இவரும் நகர வேண்டும். அசந்தால் நடுவில் இன்னொரு வண்டி மூக்கை நுழைக்கும். ஒரு காது எப்போதும் முன்வண்டியின் இன்ஜினிலேயே இருக்கும். இப்படி ஓய்ந்து ஓய்ந்தே ஒரு மனிதர் களைத்துப்போவதை அந்தச் சாலையில் காணலாம். மீன்பிடித் தடைக்காலமும் இவ்வகையே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. முன்பு 45 நாளாக இருந்தது. இது மீன் இனப்பெருக்கத்துக்காக மீனுக்கு அளிக்கப்படும் விடுப்பு. மீனவருக்கு அதில் கடன்தான் பெருகுகிறது.

பிறவினை ஓய்வைக் கலையாகவே வளர்த்தவர் அமெரிக்கப் பொறியாளர் டெய்லர். 1911 இல் அவர் எழுதியபடி, பெத்லஹேம் எஃகு ஆலையில் ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் வார்ப்பிரும்பு சுமந்துகொண்டிருந்தார். ஸ்டாப் வாட்ச் வைத்த ஆள் ‘நட’ என்றால் நடந்து, ‘உட்கார்’ என்றால் உட்கார்ந்ததில் அது நாற்பத்தேழரை டன் ஆயிற்று. வேலை நேரத்தில் 57 விழுக்காடு சுமையின்றி இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர். சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்கை விடச் சற்று அதிகம். உட்கார்ந்ததற்குக் கொடுத்த விலை அதிகம் என்றே எமக்குப் படுகிறது.

சட்டம் தரும் ஓய்வை இவ்வாறு எளிதில் ஒதுக்க முடியாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவே அரைமணி நேரமாவது விட வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 55 ஆம் பிரிவு வகுத்தது. அதற்கும் முன்பு, நண்பகல் இடைவேளை சோறு இறங்கப் போதவில்லை என்பது பெரம்பூர் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளரின் குறைகளில் ஒன்று. 1918 ஏப்ரல் 27 அன்று வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது திரு.வி.க.வும் உடனிருந்தார். கேட்டு வாங்கிய ஓய்வு தன்வினையா பிறவினையா என்பதில் இக்கட்டுரையாளர் தடுமாறுகிறார்; தற்காலிகமாக அதைப் பொதுவினை என்று வைத்துக்கொள்வோம்.

இனி டீ. கண்ணாடிக் கிளாஸே இவ்வியலின் ஆணிவேர். கிளாஸைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். எனவே குடிப்பவர் அங்கேயே நின்றாக வேண்டும். நிற்கிறவர் பேசுவார்; பேச்சு மெஷினைப் பற்றி இருக்காது. கிளாஸின் சூடுதான் இடைவேளையின் கடிகாரம். நேரம் நீள வேண்டுமென்றால் ‘ஆத்தாம குடு மாஸ்டர்’ என்று சொன்னால் போதும். விளிம்பைப் பிடித்து ஊதி ஊதிக் குடிப்பவரை எந்த சூப்பர்வைசரும் அவசரப்படுத்த முடியாது. காகிதக் கப் வந்ததும் டீயைக் கையோடு மெஷினுக்கே எடுத்துப் போகலாம் என்றாயிற்று. ஃப்ளாஸ்கில் பார்சல் வாங்கி ஷெட்டிலேயே ஊற்றிக் கொடுக்கும் முதலாளி தம்மைத் தாராள மனசுக்காரராக நினைத்துக்கொள்கிறார். உள்ளே வந்தது டீ மட்டும்; இடைவேளை கடையிலேயே நின்றுவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளைத் தமிழக அரசு தடை செய்ததைச் சுற்றுச்சூழல் நடவடிக்கை என்றே எல்லாரும் நம்புகிறார்கள். எமது பார்வையில் அது தொழிலாளர் நலச் சட்டம். தடை எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை எந்த டீக்கடைக் குப்பைத்தொட்டியும் சொல்லும்.

டீக்கடை பெஞ்சு பெரும்பாலும் ஆண்களின் பட்டாவில் இருப்பதையும் குறித்தாக வேண்டும். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களுக்கு டீ கூடையடிக்கே வருகிறது. எழுந்து போவதென்றால் பக்கத்துக் கூடைக்காரரிடம் ‘யக்கா, கொஞ்சம் பாத்துக்க’ என்று ஒப்படைக்க வேண்டும். இங்கேதான் எம் பகுப்பு ஆட்டம் காண்கிறது. ஃபிட்டரும் அப்படித்தான் போகிறார். அவர் மெஷினைப் பக்கத்து மெஷின்காரர் ஒரு கண் பார்த்துக்கொள்கிறார். பிறகு இவர் முறை. தன்வினை ஓய்வு என்று யாம் பெருமையாகச் சொன்னதெல்லாம் அடுத்தவர் கண்ணை இரவல் வாங்கிச் செய்தது. சுந்தரருக்கு இந்த ஏற்பாடு இல்லாமற்போனதே அவர் கண் பறிபோகக் காரணம் எனக் கொள்ளலாம்.

யாரிடமும் ஒப்படைக்க முடியாமல் கேட்டில் தனியாக நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் இந்த இலக்கணத்தில் அடங்கவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு நிறுத்திவைத்தது. மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். பல கேட்டுகளில் காவல் ஷிப்டு அதற்கு முன்பும் 12 மணி நேரம், பின்பும் 12 மணி நேரம். மாற்றுக்கு வர வேண்டியவர் வராவிட்டால் 24. இவருடைய ஓய்வு எந்த வினையில் சேரும் என்று அவரையே கேட்கப் போனோம்.

“யாரப் பாக்கணும் சார்? மொதல்ல நோட்ல கையெழுத்து போடுங்க” என்றார்.