கால்சியக் கதவின் காவலர்கள்

கேள்வி: மாமல்லபுரக் கரையில் கரைவலை இழுப்பவரின் கை ஓய்கிறது, இதயம் மட்டும் ஏன் ஓய்வதில்லை? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: இரண்டு தசைகளிலும் கால்சியத்தைச் சேமிக்கும் உள்ளறையின் வாசலில் ரயனோடின் ஏற்பி என்னும் புரதம் காவல் நிற்கிறது. கைத்தசையில், நரம்பு ஏவியதும் சவ்விலுள்ள மின்னுணர் புரதம் வலைக்கயிற்றைப் போல அக்கதவை நேரே இழுத்துத் திறக்க, நரம்பின் உத்தரவுக்குக் காத்திராமல் தனக்குள்ளேயே தாளமெழுப்பும் கணுவின் ஏவலில் துடிக்கும் இதயத்திலோ, வெளியிலிருந்து நுழையும் சிறிதளவு கால்சியம் தட்டிய பிறகே உள்ளிருப்பு வெளிப்பட்டுத் தசை சுருங்குகிறது. இக்கால்சியமின்றித் தவளையின் இதயமும் துடிக்காது என்பதை 1883இல் லண்டனில் சிட்னி ரிங்கர் காட்டினார். சிந்திய கால்சியத்தை செர்கா என்னும் புரதம் மீண்டும் உள்ளே இறைக்க, தசை தளர்கிறது. ஆகவே இதயமும் ஓய்வெடுக்கிறது. விடுப்பு விண்ணப்பம் எழுதாமல், இரு துடிப்புகளுக்கு இடையில்!