பரண்மேல் எச்சங்கள்: காலி செய்த வீடு பற்றி ஒரு கள ஆய்வு

எங்கள் விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022-இல் அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல், சுடுமண் பொம்மை என்று என்றோ குடியிருந்தவர்கள் போட்டுவிட்டுப் போனதையெல்லாம் எண் எழுதிப் பத்திரப்படுத்துகிறார்கள். மகாராஜபுரத்தில் நான் வாடகைக்கு விட்ட வீட்டிலும் சான்றுகளுக்குக் குறைவில்லை. தொல்லியல் துறைதான் இன்னும் வந்து பார்க்கவில்லை.

காலக்கணிப்பு எளிது. சுவரில் சிவகாசி தினசரி காலண்டர் தொங்கும். கிழிபடாமல் நிற்கும் தாள்தான் வீடு காலியான நாள். பெரும்பாலும் ஆனிக் கடைசி. ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? பரணுக்கு மண்ணடுக்கு முறை பொருந்தும். மேலே காலி அட்டைப்பெட்டி, அதற்குக் கீழே கைப்பிடி போன குக்கர், அடியாழத்தில் முந்தைய குடித்தனக்காரரின் நடைவண்டி. அதை ஓட்டிய பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

இவையெல்லாம் மறந்துபோனவை என்பது முன்னோர் கொள்கை. (முன்னோர் என்றது என் அப்பாவை.) நான் மறுக்கிறேன். சுவர்க்கடிகாரத்தை விட்டுவிட்டு அதிலிருந்த பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு போனவரை மறதிக்காரர் என்று எப்படிச் சொல்வது? தூக்கிப்போட மனம் வராத பொருளை, தூக்கிப்போடும் பாவத்தோடு சேர்த்து நம் தலையில் கட்டுகிறார்கள் என்பதே என் கருதுகோள். கண்ணாடி கீறிய ஆண்டாள் படம் ஒன்று அலமாரியில் இருந்தது. வைத்திருக்கவும் பயம், குப்பையில் போடவும் பயம். அரசமரத்தடிக்குக் கொண்டுபோனேன். எனக்கு முன்பே ஒன்பது படங்கள் அங்கே சாய்ந்திருந்தன.

இந்த ஒப்படைப்புக்கு மந்திரம் ஒன்றுண்டு: “ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கிறேன் அண்ணாச்சி.” வினைமுற்று மட்டும் உண்டு, வினை முற்றுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, வீடு தன் கையில் இருக்கும்வரை குடியிருப்பவர் தான் பதித்தவற்றைப் பெயர்த்துக்கொள்ளலாம். வாங்கியபோது இருந்த நிலையில் வீட்டை விட்டுப்போக வேண்டும். என் சுவரில் இருபத்துமூன்று ஆணிகள் இருக்கின்றன. ஒருவரும் உரிமை கோரவில்லை.

மூன்றுகால் பிளாஸ்டிக் நாற்காலி விஷயத்தில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினேன். கண்டெடுத்த பொருளை விற்க 169-ஆம் பிரிவு வழிவிடுகிறது. உரியவர் தேடியும் கிடைக்கக் கூடாது, அல்லது பராமரித்த செலவைத் தர மறுக்க வேண்டும். அதோடு பொருள் கெடும் நிலையில் இருக்க வேண்டும், அல்லது செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட வேண்டும். பழைய இரும்புக்காரர் நாற்காலிக்குப் பத்து ரூபாய் மதிப்பிட்டார். அது சாயாமலிருக்க நான் வாங்கிய கயிறு பதினைந்து ரூபாய். செலவுக் கணக்கில் முதல் நாளே தேறிவிட்டேன்.

இடித்தது மற்றது. உரியவர் காணாமலும் போகவில்லை, மறுக்கவும் இல்லை. போன அமாவாசைக்குச் சதுரகிரிக் கூட்டத்தோடு தாணிப்பாறை போகும் பேருந்தில் நின்றபடி கையசைத்தார். “ஞாயித்துக்கிழமை வர்றேன் அண்ணாச்சி!” பேருந்து போய்விட்டது. இப்படிப்பட்டவரைப் பற்றி 1872-இல் யாருமே யோசிக்கவில்லை.

அவர் கண்ணில் இது பட்டால் ஒரு வார்த்தை: எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில்தான் இருக்கிறேன். பரணை ஒதுக்கியபோது நாலாவது காலும் கிடைத்துவிட்டது.