நாலு போர்வையும் ஒரு மார்கழியும்

ஏரல்காரர்களுக்குப் போர்வை வேண்டியிருக்கும் காலம் மார்கழி நடுவில் தொடங்கும். தை பிறந்து கரும்பு தின்று முடிப்பதற்குள் ஓடிவிடும். கோடையில் ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடியில் காலை வைத்தாலும் சுடும். மேலுக்கு ஒரு துண்டு கிடந்தாலே கனம். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒன்றுக்கு நான்காகப் போர்வை தைக்கிறேன் என்றால், பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இதுதான்: “மகளைக் கொடைக்கானல்ல கட்டிக் குடுத்திருக்கியளா?” மகள் இருப்பது தூத்துக்குடியில். அங்கே ஏரலைவிட அதிகமாக வேர்க்கும்.

நான்கும் இன்னும் முடியவில்லை. ஆனால் நான்கிலும் வேலை நடக்கிறது. இதை என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வதில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முடிக்காத வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் போட்டுப் பழக்கமில்லாதவர். “ஒன்னை முடிச்சிட்டு அடுத்ததை எடு” என்பார். ஒன்றை முடிக்க உட்கார்ந்தால், அதற்கு வேண்டிய சிவப்புத் துண்டு இன்னொன்றில் குத்தி வைக்கப்பட்டிருக்கும். அதை எடுக்கப் போனால் அங்கே ஓரம் பிரிந்து நூல் தொங்கும். அதைச் சரிசெய்யும்போதே உலை கொதித்துவிடும். இப்படியாக எதுவும் எதையும் முந்தாமல் நான்கும் ஒரே சீராக முன்னேறுகின்றன.

முதலாவதை நான் தொடங்கவேயில்லை. என் மாமியார் தொடங்கியது. நைந்த சேலைகளை அடுக்கி, நான்கு முனையிலும் ஆளை உட்காரவைத்து இழுத்துப் பிடித்து, நெடுக ஓட்டுத் தையல் போட்ட விரிப்பு. பிள்ளை பெற்ற வீட்டில் அது குழந்தைக்கு அடியில் கிடக்கும். குழந்தை வளர்ந்ததும் பாட்டிக்குப் போகும். பாட்டியும் வேண்டாம் என்றால் அரிசி மூட்டைக்கு அடியில் போகும். மேல்சேலை கிழிந்தால் தூக்கிப் போடுவதில்லை. அதற்கு மேலே இன்னொரு சேலையை வைத்துத் தைத்துவிடுவார்கள். ஆக, அது முடிவதற்கு வழியே கிடையாது. வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர். பழைய சேலைக் கரையிலிருந்து நூலை உருவி, அதைக் கொண்டே மயிலும் தாமரையும் போட்டு ஊர் ஊராகப் பெயர் வாங்கிவிட்டார்கள். அத்தைக்கு மயிலில் ஆர்வமில்லை. நேர்க்கோடு போதும். அந்த நேர்க்கோடும் வெற்றிலை மென்றுகொண்டே போட்டதால், துப்ப எழுந்த இடங்களிலெல்லாம் கொஞ்சம் வளைந்திருக்கும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தையின் விரிப்பில் அது நாற்பது வருடம் முன்பே பதிவாகிவிட்டது.

பக்கத்துச் சிவகளையில் தொல்லியல் துறை தோண்டி, 3,200 ஆண்டு பழைய நெல்லை எடுத்தது. எங்கள் விரிப்பின் ஓரத்தைப் பிரித்தால் மேலே பாலியெஸ்டர் காலம், அதற்கு அடியில் வாயில் சேலைக் காலம், அதற்கும் அடியில் சுங்குடிக் காலம் தெரியும். இன்னும் கொஞ்சம் பிரித்தால் என்ன வரும் என்று அத்தைக்கே நினைவில்லை. என் பங்குக்கு நான் இரண்டு அடுக்கு சேர்த்திருக்கிறேன்.

பழைய துணிக்கு வீட்டில் போட்டி அதிகம். அடுப்படிக்குக் கரித்துணி வேண்டும். மாசி பங்குனியில் கூழ்வத்தலுக்கு வேட்டி வேண்டும். ஸ்கூட்டரைத் துடைக்க வேண்டும். இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். ‘பழைய துணிக்குப் பிளாஸ்டிக் சாமான்’ என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவரைத்தான் சமாளிக்க முடியாது. ஒருநாள் மதியம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுவதற்குள், காலரைப் பிரித்து, பட்டனை அறுத்து, நிறம் பார்த்து அடுக்கியிருந்த சட்டைகளெல்லாம் ஒரு நீலக் குடமாக மாறியிருந்தன. அத்தையிடம் கேட்டேன். “சட்டையில தண்ணி புடிக்க முடியுமாட்டி?” என்றார். இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

இரண்டாவது பொன்னாடைப் போர்வை. தலைமையாசிரியராக இருந்தவரைப் பள்ளி ஆண்டுவிழா, பட்டிமன்றம், கோயில் கொடை என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு பொன்னாடையின் பொதுவாழ்வு ஏழெட்டு விநாடிதான்: தோளில் விழும், போட்டோ எடுப்பார்கள், உருவி மடியில் வைத்துக்கொள்வார். அதன் பிறகு பீரோவில் ஆயுள் தண்டனை. துவட்டினால் ஈரம் ஏறாது. தரை துடைக்கவும் ஆகாது. மரியாதைக் குறைவு என்பதற்காக இல்லை, வழுக்கும். இரண்டு பொன்னாடைகளை முகத்தோடு முகம் வைத்துத் தைத்தால் மேலது ஒரு பக்கம் நழுவும், கீழது மறுபக்கம் நழுவும். எந்தக் கூட்டணிப் பொதுக்கூட்டத்துக்கு வாங்கி மிச்சப்பட்டதோ! அடித்துணிக்குப் பொங்கல் இலவசச் சேலை. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த திட்டம். எங்கள் தெருவில் அதைக் கட்டுகிறவர்கள் கட்டுகிறார்கள், கட்டாதவர்கள் என்னிடம் கொண்டுவந்து தருகிறார்கள். இந்த ஒரு போர்வையைப் பற்றி மட்டும் வீட்டுக்காரர் குறை சொல்வதில்லை. சரக்கு அவருடையதல்லவா.

மூன்றாவதைத்தான் நான் வருகிறவர்களுக்கெல்லாம் விரித்துக் காட்டுகிறேன். தாம்பூலப் பை போர்வை. ஒரு கல்யாணத்துக்குப் போனால் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டு ஒரு மஞ்சப்பை தருவார்கள். தேங்காய் இரண்டு நாளில் சட்னியாகிவிடும், பை இருக்கும். 2021 டிசம்பரில் அரசாங்கம் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை. போனால்தானே மீண்டும் வருவதற்கு? கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை இருந்தது.

பையின் இரண்டு பக்கத் தையலையும் பாதி பிளேடால் பிரித்து, காதைக் கழற்றி, ஊறவைத்து, சாயத் தண்ணீரைக் கொட்டி, காயவைத்து இஸ்திரி போட்டால் நீளமாக ஒரு துண்டு வரும். வெறுந்துணியில் ஊசி தடையில்லாமல் போகும். அச்சடித்த எழுத்துக்கு வந்ததும் நின்றுவிடும். மை அங்கே ஏடு கட்டியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் ஊசியின் பின்பக்கம் விரலில் இறங்கும். இதில் மாப்பிள்ளையின் படிப்புதான் பெரிய தொல்லை. பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ. என்று வாலை நீட்டியிருக்கிறவர்களைத் தாண்டுவதற்குள் விரல் புண்ணாகிவிடுகிறது. ப்ளஸ் டூவோடு நிறுத்தியவர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இதைப் போர்த்திக்கொண்டு படுத்தால் நெஞ்சுக்கு நேரே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ சித்தப்பா பெரியப்பாமார் வரிசையாக நிற்பார்கள். முழங்காலில் குரும்பூர் மண்டபம், பாதத்தில் சாயர்புரம். வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் டார்ச் அடித்து வாசிப்பார். எழுத்துப் பிழைகளைப் பேனாவால் திருத்தியும் வைத்திருக்கிறார். அந்தத் தம்பதிகளில் ஒரு ஜோடி பிறகு பிரிந்துவிட்டது. அவர்கள் துண்டை எடுத்துவிடுவதா, விடுவதா என்று வீட்டில் பெரிய வாதம். கடைசியில் அத்தை துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “பை நல்லாத்தானட்டி இருக்கு.” இருக்கிறது.

நான்காவது பேரனுக்கு. தொட்டிலுக்கென்று தொடங்கியது. இப்போது அவன் ஒன்றாம் வகுப்பு. ஓரத்தில் வரிசை சேர்த்துச் சேர்த்து அவன் உயரத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். தற்சமயம் அவன் முன்னிலை.

நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வாங்குவது மதுரா கோட்ஸ். அதன் மூதாதையரான ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் மில் வைத்தது தாமிரபரணியின் தண்ணீரை நம்பித்தான். அதே தண்ணீர்தான் கீழே இறங்கி எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. தூத்துக்குடியில் அவர்கள் வைத்த கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று வ.உ.சி. தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளிகள் கூலி உயர்வும் வாரத்துக்கு ஒருநாள் விடுமுறையும் கேட்டு வாங்கினார்கள். நூல் நூற்றவர்களுக்கு ஒருநாள் விடுமுறை கிடைக்க அவ்வளவு பாடு. அந்த வம்சத்து நூலைக் கொண்டு தைக்கிற நான், வாரத்தில் ஆறு நாள் விடுமுறையை எந்தப் போராட்டமும் இல்லாமல் எடுத்துக்கொள்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18இல் வந்த வெள்ளத்தைச் சொல்லாமல் ஏரலில் எந்தக் கதையும் நகராது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு பஜாருக்குள் வந்து பாத்திரக் கடை, ஜவுளிக் கடை என்று பார்க்காமல் ஏறியது. ஊர் துண்டாகிக் கிடந்த அந்த நாட்களில் சிரிக்க ஒன்றும் இல்லை. சிரிப்பு பிறகுதான் வந்தது. அன்று ராத்திரி வாசல் வழியாகத் தண்ணீர் வராமலிருக்க, அத்தையின் விரிப்பைச் சுருட்டி நிலைப்படியில் அணை கட்டினோம். அடுக்கடுக்கான அத்தனை சேலையும் தண்ணீரைக் குடித்து, மதகு மாதிரி அசையாமல் உட்கார்ந்துவிட்டது. வாசலில் ஒரு சொட்டு நுழையவில்லை. தண்ணீர் கொல்லைப்புறமாக வந்தது. வடிந்த பிறகு அந்த விரிப்பைத் தூக்க இந்த வீட்டு ஆட்கள் போதாமல் எதிர்வீட்டிலிருந்தும் வந்தார்கள். எத்தனை அலசினாலும் வண்டல் நிறம் போகவில்லை. அதுவும் ஒரு காலமாக அடுக்கில் சேர்ந்துவிட்டது. பொன்னாடைகள் மட்டும் ஒரு துளியும் உறிஞ்சாமல் மிதந்து, மறுநாள் பளபளவென்று வெளியே வந்தன.

எங்கள் போர்வைகள் ஏன் முடிவதில்லை என்பதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. கர்நாடகத்தில் வடகன்னடக் காடுகளின் ஓரத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான சித்தி மக்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் கவந்தி என்ற போர்வையைத் தைக்கும் முறை வேறு. ஒரு பழைய சேலையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டுகளை வைத்துச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே உள்ளே போவார்கள். நடு வந்ததா, முடிந்தது. நானோ நடுவில் ஒரு துண்டை வைத்துவிட்டு வெளியே போகிறவள். நடுவுக்கு எல்லை உண்டு, வெளிக்கு ஏது? இதை வீட்டுக்காரரிடம் விளக்கினேன். “அப்பம் நீயும் ஓரத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கலாம்லா?” என்றார். ஆசிரியர்களுக்கு எதைச் சொன்னாலும் இப்படித்தான்.

அமெரிக்காவில் அலபாமா ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளைக் கொண்டு தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவரில் மாட்டினார்கள். நம்மைப் போலவே ஆற்றங்கரைக்காரிகள், பழந்துணிக்காரிகள் என்று இதையும் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “அதெல்லாம் முடிச்ச போர்வைதானே?” என்று கேட்டார்.

முடிக்காததாலேயே அவை சும்மா கிடப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆடி அமாவாசை வந்தால் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். எங்கள் வீட்டுக் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் படுத்திருப்பார்கள். பாய்க்கு மேல் விரிக்க நான்கும் வெளியே வரும். போன ஆடியில் ஒரு பெரியவர் பேரனுடைய போர்வையில் படுத்தார். விடிவதற்கு வெகுநேரம் முன்பே விருட்டென்று எழுந்து, முதுகைத் தடவிக்கொண்டே ஆற்றுக்குக் குளிக்கப் போனார். இந்த வயதில் என்ன பக்தி என்று எல்லோரும் வியந்தோம். காலையில் போர்வையை மடிக்கும்போதுதான், துண்டுகள் நகராமலிருக்க நான் குத்தியிருந்த குண்டூசிகளில் ஒன்று வளைந்திருந்ததைப் பார்த்தேன். நிமிர்த்தித் திரும்பக் குத்திவிட்டேன்.

இந்த ஆனி மாதம் ஓர் அதிசயம் நடந்தது. பை போர்வை கட்டிலின் அகலத்துக்கு வந்துவிட்டது. சுற்றிலும் பட்டி வைத்து மடித்து அடித்தால் வேலை தீர்ந்தது. மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பட்டித் துணியை க்ராஸில் வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர்கூட நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுப் பெண் கையில் ஒரு மஞ்சப்பையோடு உள்ளே வந்தாள்.

“யக்கா, எங்க அண்ணன் மக கல்யாணப் பை. ஊருல உள்ளவ பேரெல்லாம் இதுல இருக்கு. எங்க வீட்டுது மட்டும் இல்லன்னா நாளைக்கு ஆளுவ என்ன நெனைக்கும்?”

“ஒத்தத் துண்டை எங்கம்மா வைக்க? வச்சா ஒரு வரிசை முழுசும் வைக்கணும். ஒன்பது பை வேணும்” என்றேன்.

வெள்ளத்தன்று எங்கள் விரிப்பைத் தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. மறுக்க முடியாது. கத்தரியைக் கீழே வைத்தேன். வீட்டுக்காரர் எழுந்து போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தேன். காலண்டருக்குப் பின்னால் சொருகியிருந்த பத்திரிகைகளை உருவி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தார்.

“ஆவணியில ஏழு கல்யாணம் இருக்கு. இதோட எட்டு” என்றார். “மிச்சம் ஒன்னுக்கு, காதுகுத்துப் பை சேருமா?”