இடியம் மாமா

தமிழில்தான் பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிடுவார். ஆங்கில மரபுத்தொடர் ஒன்று புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

இடியம் மாமாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற சூப்பரின்டென்டென்ட். தவறினால் ஹெட் கிளார்க். ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டபடியேதான் காலைக் காபி இறங்கும். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு. புதிய தொடர் கண்ணில் பட்டால் அதில் ஏறிவிடும். அன்று மாலைக்குள் யார் தலையிலாவது இறங்கியும் விடும். அலமாரியில் அட்டை கிழிந்த 'ரென் அண்ட் மார்ட்டின்' இருக்கும். அந்த ரென், சகாராப் பாலைவனத்துப் பட்டாள வீரர்களை வைத்து 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்று ஒரு சாகச நாவல் எழுதியவர் என்று சொல்லிப் பாருங்கள், மாமா நம்பமாட்டார். இலக்கணம் எழுதிய கை கதையெல்லாம் எழுதாது என்பது அவர் கட்சி.

எங்கள் நங்கநல்லூர்க் குடியிருப்பின் இடியம் மாமாதான் சங்கச் செயலாளர். "லெட் அஸ் நாட் பீட் அபௌட் த புஷ்" என்றுதான் கூட்டத்தைத் தொடங்குவார். அதன்பின் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து ஆரம்பித்து, பழைய செயலாளர் செய்த அநியாயங்கள் வழியாக, அரை மணி நேரம் கழித்து சம்ப் கழுவும் விஷயத்துக்கு வந்துசேர்வார். 'லாஸ்ட் பட் நாட் த லீஸ்ட்' ஒரே கூட்டத்தில் மூன்று முறை வரும்.

போன வாரம் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. பிளம்பரை வரவழைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்: "தம்பி, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். நவ், த பால் இஸ் இன் யுவர் கோர்ட்."

பிளம்பர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆமாங்க சார், பால் வால்வுதான் போயிருச்சு. புதுசுதான் போடணும்."

மாமாவுக்குப் பரம திருப்தி. தம் ஆங்கிலம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் மாமாவின் சைவம். முட்டை போட்ட கேக் என்று சந்தேகம் வந்தாலே தட்டை நகர்த்திவிடுகிறவர், பேச ஆரம்பித்தால் ஒரே கல்லில் இரண்டு பறவைகளை அடிக்கிறார். செத்த குதிரையைச் சவுக்கால் விளாசுகிறார். எனக்கு வறுக்க வேண்டிய பெரிய மீன் வேறு இருக்கிறது என்கிறார். கணக்கில் தப்புச் செய்த பொருளாளர் 'ஹம்பிள் பை' சாப்பிட வேண்டும் என்று தீர்மானமே கொண்டுவந்தார். அந்தப் பையின் பூர்வீகம் மான் குடலும் ஈரலும் வைத்துச் செய்த பண்டம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வாய் கொப்பளிக்கப் போய்விடுவார், தீர்மானம் நின்றுவிடும்.

வீட்டிலும் விடுவதில்லை. மச்சினர் வந்தால், "உன் தம்பி ஒன்ஸ் இன் எ புளூ மூன்தான் வர்றான்" என்பார். "போன மாசம்தானேங்க வந்துட்டுப் போனான்?" என்பார் மாமி. ஒரே ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமிதான் நீல நிலா என்று இப்போது சொல்கிறார்கள். அதற்கே ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஆகும். (அந்த விளக்கமும் 1946-இல் ஓர் அமெரிக்க வானியல் இதழ் தப்பாகப் போட்டதால் பரவியதுதான்.) மச்சினரோ பண்டிகை தவறாமல் வந்து நிற்கிறார்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். துக்க வீட்டில்தான் பகீர் என்கிறது. இரண்டாம் மாடித் தாத்தா காலமானபோது, அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, உருக்கமான குரலில், "ஐ ஹியர் யுவர் ஃபாதர் கிக்ட் த பக்கெட்" என்றார் மாமா. மண்டையைப் போட்டார் என்று தமிழில் சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும். மகன் பாவம், ஏதோ வாளி விவகாரம் என்று நினைத்துத் தலையாட்டினார். மரபுத்தொடருக்கு அர்த்தம் மட்டும் தெரிந்தால் போதாது, அது எந்த வாசல்வரை வரலாம் என்பதும் தெரிய வேண்டும். நோட்டில் அதற்குப் பத்தி கிடையாது.

மாமாவின் வமிசம் ரொம்பப் பழையது. 1738-இல் ஜோனதன் ஸ்விஃப்ட் இவரை அப்படியே பிடித்து எழுதிவிட்டார். சைமன் வாக்ஸ்டாஃப் என்று ஒரு கற்பனை ஆசாமி. நாகரிகமான வீடுகளில் கேட்ட தொடர்களையெல்லாம் பையில் வைத்திருக்கும் நோட்டில் குறித்துக்கொண்டு, உயர்ந்த உரையாடல் என்றால் இதுதான் என்று புத்தகம் போடுகிறார். அதில் பிரபுக்களும் சீமாட்டிகளும் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசுவதில்லை. தேய்ந்த தொடர்களையே மாற்றி மாற்றி எறிந்துகொள்கிறார்கள். மழை என்றால் பூனையும் நாயுமாகக் கொட்டுவதும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. இப்படியெல்லாம் பேசாதீர்கள் என்று ஸ்விஃப்ட் கிண்டல் செய்ததை, நம் பள்ளிக்கூடங்களில் ஐந்து முறை எழுதிவரச் சொன்னார்கள். ஐப்பசி மழையில் தெருவில் இறங்கினால் மாமாவின் வாயில் அதே பூனை, அதே நாய்.

பேரன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். தொலைபேசியில் அவன் பேசும் ஆங்கிலம் "ஓகே தாத்தா", "ஷுயர் தாத்தா", "நோ ஐடியா தாத்தா" என்பதோடு சரி. இவ்வளவு ஃபீஸ் கட்டியும் பையனுக்கு இங்கிலீஷ் வரவில்லையே என்று மாமாவுக்குக் கவலை. தீபாவளிக்கு வந்தவன் கூடத்தில் உட்கார்ந்து அலுவலக அழைப்பில் பேச, மாமா கதவோரம் நின்று கேட்டார். 'லோ ஹேங்கிங் ஃப்ரூட்' என்றான். 'லெட்ஸ் டச் பேஸ்' என்றான். அது பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தது என்பார்கள். பேரனுக்குத் தெரிந்த ஆட்டம் கிரிக்கெட் ஒன்றுதான். அழைப்பில் இருந்த அத்தனை பேரும் அதேபோல் பேசினார்கள், என்ன வேலை என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. மாமாவின் கண் கலங்கிவிட்டது. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

ஆகவே, வாசகர்களே, இந்த இனம் அழியப்போகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். யாராவது உங்கள் தோளில் கை போட்டு, "டு கட் எ லாங் ஸ்டோரி ஷார்ட்" என்று ஆரம்பித்தால், முதலில் உட்கார ஒரு நாற்காலி பார்த்துக்கொள்ளுங்கள்.